அடிவயிற்று வலிக்குப் பெயர் தேடிய வரலாறு

செஞ்சிக் கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் பேருந்தில் ஏறினால், செஞ்சியைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் பாறைக் குன்றுகள் எழுந்து நிற்கும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதில்கள் இணைத்திருக்கின்றன. ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. மொகலாயத் தளபதி சுல்பிகார் கான் 1690-இல் இக்கோட்டையை முற்றுகையிடத் தொடங்கினார். அது அவர் கைக்கு வந்தது 1698-இல்தான். வெளியே நிற்பவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அதுதான் எந்தக் கோட்டைக்கும் பலம். 2025-ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் செஞ்சியை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

இந்தக் கோட்டையின் போர்களைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கோட்டை கைமாறிய கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் கலியாண மகாலில் வாழ்ந்த அரசிக்கோ, களஞ்சியத்தில் நெல் அளந்த வேலைக்காரிக்கோ மாதந்தோறும் அடிவயிறு வலித்ததா, வலித்தால் என்ன செய்தார்கள் என்பதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அந்த எழுதப்படாத வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். மாதவிலக்கு நாள்களில் அவளால் நிமிர்ந்து நிற்க முடிவதில்லை. பள்ளிக்குப் போவதில்லை. “பொண்ணாப் பொறந்தா இதெல்லாம் இருக்கும்டி” என்கிறாள் அம்மா. “ஒரு கலியாணம் பண்ணி வெச்சா சரியாப் போயிடும்” என்கிறாள் பாட்டி. வெந்தயம், பெருங்காயம், மோர் என்று கைவைத்தியம் நடக்கிறது. வலி நிற்கவில்லை. அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் சந்நிதிக்கு அழைத்துப் போகிறார்கள். பல ஆண்டுகள் கழித்து யாரோ ஒருவர் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். “நீர்க்கட்டி” என்ற சொல்லோடு வீடு திரும்புகிறாள்.

அந்தச் சொல் அவளுடைய நோயின் பெயரா? இல்லை. அது ஏன் என்று அறிய, முதலில் அடிவயிற்றின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோட்டைக்குள் இருப்பவை

இடுப்பெலும்புகள் ஒரு கிண்ணம் போல அமைந்திருக்கின்றன. அந்தக் கிண்ணத்தின் முன்பக்கம் சிறுநீர்ப்பை, பின்பக்கம் மலக்குடல், நடுவே கருப்பை. கருப்பையின் இரு பக்கமும் பாதாம்பருப்பு வடிவத்தில், ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு சினைப்பைகள் உள்ளன. பள்ளிப் பாடநூல்களில் இவற்றையே அண்டகம் என்றும் சூலகம் என்றும் படித்திருப்பீர்கள். வலப்பக்கம் சற்று மேலே குடல்வால். இவற்றைச் சுற்றிச் சிறுகுடல் மடிப்புகள். இத்தனை உறுப்புகளும் ஒரு சாண் இடத்துக்குள் நெருங்கிக் கிடக்கின்றன.

விரலில் முள் குத்தினால் எந்த விரல் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். உள்ளுறுப்பு வலித்தால் அப்படிச் சொல்ல முடியாது. உள்ளுறுப்புகளிலிருந்து வரும் நரம்புகள் முதுகுத்தண்டில் ஒரே பகுதிக்கு வந்து சேர்வதால், மூளைக்கு “இந்த வட்டாரத்தில் வலி” என்றுதான் செய்தி எட்டுகிறது. “இந்த உறுப்பில் வலி” என்று எட்டுவதில்லை. ஆகவே சினைப்பை வலியும், குடல்வால் வலியும், சிறுநீர்ப்பை வலியும் நோயாளியின் வாயில் ஒரே சொல்லாகவே வருகின்றன: “அடிவயிறு வலிக்குது.”

சினைப்பையில் கட்டி என்றாலும் அது ஒரே பொருளைக் குறிப்பதில்லை. ஒவ்வொரு மாதமும் சினைமுட்டை வளர்வதற்காகச் சினைப்பையில் ஒரு சிறிய நீர்க்குமிழி உருவாகிறது. அது சுமார் 2 சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்து வெடித்து, முட்டையை வெளியே விடும். சில மாதங்களில் அது வெடிக்காமல் பெருத்துவிடும். இது இயல்பான நிகழ்ச்சியின் ஒரு சிறு பிசகு. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் தானே மறைந்துவிடும். இன்னொரு வகைக் கட்டிக்குள் மயிரும் கொழுப்பும், சில சமயம் பல்லும்கூட இருக்கும். மற்றொரு வகை, கூழ் போன்ற நீரைச் சுரந்துகொண்டே போய்ப் பூசணிக்காய் அளவைத் தாண்டிவிடும். இன்னும் ஒரு வகையில் பழைய இரத்தம் தேங்கிச் சாக்லேட் குழம்பு போலக் கிடக்கும். மிகச் சிலவே புற்றுநோயாக இருக்கும். இவற்றுள் எது என்று தெரியாமல் மருந்து கொடுப்பது, பூட்டைப் பார்க்காமல் சாவியைத் தேடுவது போலத்தான்.

பத்து மாதம் பொறுத்த வைத்தியர்கள்

நம் நாட்டுப் பழைய வைத்தியர்கள் இந்தச் சிக்கலை நன்கு உணர்ந்திருந்தார்கள். வயிற்றில் தோன்றும் திரட்சியைக் குன்மம் என்று தமிழிலும், குல்மம் என்று வடமொழியிலும் குறிப்பிட்டார்கள். சரக சம்ஹிதை பெண்களுக்கு மட்டும் வரும் ஒரு குல்மத்தைத் தனியாக விவரிக்கிறது. அது கருவுற்றது போன்ற அறிகுறிகளைக் காட்டும். ஆனால் குழந்தையின் கைகால்கள் அசைவது போல் அசையாமல், ஒரே திரளாகத் துடிக்கும் என்று வேறுபாடு சொல்கிறது. பத்தாவது மாதம் கடந்த பிறகே அதற்கு வைத்தியம் செய்ய வேண்டும் என்றும் விதிக்கிறது.

இந்த விதியை எண்ணிப் பாருங்கள். உள்ளே இருப்பது குழந்தையா, கட்டியா? தவறான மருந்து கொடுத்தால் குழந்தை போய்விடும். ஆகவே காலத்தையே சோதனைக் கருவியாகப் பயன்படுத்தினார்கள். இந்த விவரிப்பை இன்றைய ஏதேனும் ஒரு நோயோடு அப்படியே பொருத்துவது சரியாகாது. ஆனால் “தெரியாதபோது தீங்கு செய்யாதே” என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. குறை என்னவென்றால், அந்தப் பத்து மாதமும் வலியைத் தாங்கியவள் பெண்தான்.

மேல்நாட்டிலும் நிலைமை மேம்பட்டதாக இல்லை. பெண்ணின் கருப்பை உடம்புக்குள் இடம்விட்டு இடம் அலைவதால்தான் அவளுக்குப் பல நோய்கள் வருகின்றன என்று பழங்கிரேக்கர் சிலர் கருதினர். கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே ‘ஹிஸ்டீரியா’ என்ற சொல் பிறந்தது. பிற்காலத்தில் அச்சொல் மனக்கோளாறைக் குறிக்கலாயிற்று. வலி என்று வந்த பெண்ணை “உனக்கு மனசுதான் சரியில்லை” என்று அனுப்பிவிடும் வழக்கத்துக்கு அந்தச் சொல் துணை போயிற்று.

குதிரையில் 60 மைல்

1809-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜேன் டாட் கிராஃபோர்டு என்ற பெண்மணியின் வயிறு மிகவும் பெருத்திருந்தது. இரட்டைக் குழந்தைகள் என்றே எல்லாரும் நினைத்தனர். மாதங்கள் கடந்தும் பிரசவம் ஆகவில்லை. டான்வில் என்ற ஊரிலிருந்து எஃப்ரைம் மெக்டவல் என்ற டாக்டர் வந்து சோதித்தார். கருப்பை சிறியதாகவே இருப்பதையும், பெருத்திருப்பது வேறொன்று என்பதையும் கைகளால் உணர்ந்தார். “இது குழந்தை அல்ல, சினைப்பைக் கட்டி” என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். வயிற்றைத் திறந்து இதை எடுத்தவர் எவரும் இல்லை என்பதையும் சொன்னார். அந்த அம்மையார் சம்மதித்து, 60 மைல் தூரம் குதிரையில் சென்று டான்வில் வந்து சேர்ந்தார்.

மயக்க மருந்து அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. கிருமிகளைப் பற்றி யாருக்கும் தெரியாது. 25 நிமிடங்களில் அறுவை முடிந்தது. கட்டிக்குள்ளிருந்து கூழ் போன்ற பொருள் 15 பவுண்டு வெளிவந்தது. பையின் எடை மட்டும் ஏழரைப் பவுண்டு. இரண்டும் சேர்த்து நம் கணக்கில் 10 கிலோவுக்கு மேல். ஐந்தாம் நாள் டாக்டர் வந்து பார்த்தபோது அந்த அம்மையார் எழுந்து தம் படுக்கையைச் சரிசெய்துகொண்டிருந்தாராம். அதன்பின் 32 ஆண்டுகள் வாழ்ந்தார்.

வயிற்றுக்குள் கத்தி வைக்கலாம் என்று உலகம் இந்த அறுவையிலிருந்துதான் கற்கத் தொடங்கியது. ஆனால் அதற்கு முன் நடந்த ஒன்றைக் கவனியுங்கள். மெக்டவல் சோதித்தார், பெயர் சொன்னார், ஆபத்தையும் சொன்னார், முடிவை நோயாளியிடம் விட்டார். நோயறிதல் என்பது இந்த நான்கும் சேர்ந்ததே.

திண்டிவனத்தில் மூன்று இரவுக் குரல்கள்

இனி நம் பக்கத்துக்கு வருவோம். நம் நாட்டுப் பெண்களுக்கு இன்னொரு மதிலும் இருந்தது. ஆண் டாக்டர் பெண்ணைத் தொட்டுப் பார்ப்பதை வீட்டார் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தொடாமல் அடிவயிற்று நோயை அறிவது எப்படி?

சென்னையில் ஒரு பாரிஸ்டரின் மனைவியாக வாழ்ந்த மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணி இதைக் கண்டு மனம் நொந்தார். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது படிப்பில் சேர்ந்த நான்கு பெண்களில் அவரும் ஒருவர். பிறகு லண்டன் சென்று 1882-இல் பட்டம் பெற்றுத் திரும்பி, 1885-இல் கோஷாப் பெண்களுக்கென்று சென்னையில் ஒரு மருத்துவமனை தொடங்கக் காரணமானார். அதுவே இன்று திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. மேரி ஷார்லீப் பின்னாளில் லண்டனில் வயிற்று அறுவைச் சிகிச்சையில் பெரும்புகழ் பெற்றார்.

செஞ்சிக்கு இன்னும் நெருங்கிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. செஞ்சியிலிருந்து திண்டிவனம் சுமார் 28 கிலோமீட்டர். 1890-களின் தொடக்கத்தில் அங்கே டாக்டர் ஜான் ஸ்கட்டர் என்ற அமெரிக்கப் பாதிரியார் இருந்தார். அவருடைய மகள் ஐடா, தாயின் உடல்நலக் குறைவால் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். “என் தந்தை டாக்டர், அவரை அழைத்துச் செல்லுங்கள்” என்றார் ஐடா. மூவரும் மறுத்துவிட்டனர். பெண்தான் வர வேண்டும் என்றனர். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது.

அந்த ஐடா பிறந்த ஊர் ராணிப்பேட்டை. செஞ்சியில் 1714-இல் போரில் மடிந்த தேசிங்கு ராஜனோடு உடன்கட்டை ஏறிய இளம் அரசியின் நினைவாகத்தான் அவ்வூர் எழுந்தது என்று சொல்லப்படுகிறது. செஞ்சியின் அரசி பெயரைத் தாங்கிய ஊரில் பிறந்தவர், செஞ்சிக்கு அண்டையூரில் தம் வாழ்க்கைப் பணியைக் கண்டார். 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் வைத்தியம் தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகளோடு மருத்துவமனை எழுந்தது. 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். அதுவே இன்றைய வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி. இதற்கிடையே 1912-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றதையும் நாம் அறிவோம்.

பெண் டாக்டர்கள் வந்த பிறகுதான் தமிழ்நாட்டுப் பெண்ணின் வயிற்றில் சோதிக்கும் கை பட்டது. அக்காலத்து நோயறிதல் பெரும்பாலும் அந்தக் கையில்தான் இருந்தது. கைக்குத் தென்படாததை வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் அறிய முடியும்.

பெயரிடுமுன் வெட்டியவர்கள்

அறுவை எளிதானபோது புதிய ஆபத்து ஒன்று பிறந்தது. 1872-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ராபர்ட் பேட்டி என்ற டாக்டர், மாதவிலக்கு வலிக்காகவும் நரம்புக் கோளாறுகளுக்காகவும் கட்டி எதுவும் இல்லாத சினைப்பைகளையே வெட்டி எடுத்தார். மற்றவர்களும் பின்பற்றினர். பல பெண்கள் இறந்தனர். பிழைத்தவர்கள் இளம் வயதிலேயே மாதவிடாய் நின்று, பிள்ளைப்பேறும் இழந்தனர். வலிக்குக் காரணம் என்ன என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை.

காரணங்களில் முக்கியமான ஒன்றைத் தெளிவாக்கியவர் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரைச் சேர்ந்த ஜான் சாம்ப்சன். சாக்லேட் நிறக் குழம்பு நிறைந்த சினைப்பைக் கட்டிகளை ஆராய்ந்து 1921-இல் அவர் கட்டுரை வெளியிட்டார். கருப்பையின் உட்புறத்தில் ஒரு படலம் இருக்கிறது. மாதந்தோறும் அதுவே கழன்று இரத்தத்தோடு வெளிவருகிறது. அதே போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பை மேலும் குடல் மேலும் ஒட்டி வளர்ந்தால் என்ன ஆகும்? அங்கும் மாதந்தோறும் கசியும், வெளியேற வழியில்லை, வீங்கும், உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வலிக்கும். இந்நோய்க்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். மாதவிலக்கு இரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியே பின்னோக்கிச் செல்வதால் இது உண்டாகலாம் என்று 1927-இல் சாம்ப்சன் விளக்கினார். முழுக் காரணம் அது மட்டுமல்ல என்று இன்று கருதுகிறோம். ஆனால் “பொறந்தா இதெல்லாம் இருக்கும்” என்ற பேச்சுக்கு விஞ்ஞானம் தந்த மறுப்பு இங்கே கிடைத்தது.

கப்பல் நகரத்துக் கருவி

வெட்டாமல் உள்ளே பார்க்க முடியாதா? 1940-களில் பாரிஸ் நகரத்து ரவுல் பால்மர், சிறு துளை வழியே குழாயை நுழைத்து அடிவயிற்றைப் பார்க்கும் முறையை வளர்த்தார். அதுவே லேப்ராஸ்கோப்பி. ஆனால் அதற்கும் துளையிட வேண்டும், மயக்க மருந்து வேண்டும்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டு என்ற மகப்பேறு டாக்டர் வேறு வழியில் சிந்தித்தார். உலகப் போரில் விமானப் படையில் பணியாற்றியவர் அவர். கடலுக்கடியில் உள்ள பொருளை ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்டுக் கண்டுபிடிக்கும் முறையை அறிந்திருந்தார். கொதிகலன் செய்யும் தொழிற்சாலைகளில் உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று இதே போன்ற கருவியால் சோதிப்பார்கள். 1955-ஆம் ஆண்டு ஜூலையில், அறுவையில் எடுத்த கட்டிகளைக் காரின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு அவர் ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சியும் வைத்துச் சோதித்தார்கள். கெட்டியான கட்டியும், நீர் நிறைந்த கட்டியும் வெவ்வேறு எதிரொலி தந்தன!

இதன் தத்துவம் எளிது. நம் காதுக்கு வினாடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். ஸ்கேன் கருவி வினாடிக்குச் சுமார் 35 இலட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியை உடம்புக்குள் அனுப்புகிறது. உடம்பில் அந்த ஒலி வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் செல்லும். 7.7 சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ள ஓர் உறுப்பைத் தொட்டுத் திரும்ப வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும். திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிட்டு ஆழத்தைக் கருவி அறிகிறது. தெளிந்த நீருக்குள் எதிரொலி எழுப்ப எதுவும் இல்லாததால் நீர்க்கட்டி படத்தில் கறுப்பாகத் தெரியும். கெட்டியான திசு சாம்பல் நிறமாகத் தெரியும்.

டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளரும், ஜான் மக்விகார் என்ற டாக்டரும் டொனால்டுக்குத் துணை நின்றனர். அக்காலத்தில் ஒரு பெண்மணியை அவர்களிடம் காட்டினார்கள். வயிறு வீங்கியிருந்தது. இரைப்பையில் புற்றுநோய், நீர் கோத்துவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று முடிவுகட்டியிருந்தார்கள். கருவியை வைத்துப் பார்த்தபோது பரவிக் கிடக்கும் நீர் தெரியவில்லை. சுவர் கட்டிய ஒரு பெரிய நீர்க்கட்டி தெரிந்தது. அறுவை செய்தார்கள். அது புற்றல்லாத சினைப்பைக் கட்டி! அந்தப் பெண்மணி பிழைத்தார். 1958-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் வெளிவந்த ‘லான்செட்’ இதழில் அவர்கள் மூவரும் தம் முடிவுகளை வெளியிட்டனர். சரகர் காலத்தில் பத்து மாதம் காத்திருந்து அறிந்ததைச் சில நிமிடங்களில் அறியும் காலம் பிறந்தது.

இதே கருவி பெண் சிசுவைக் கருவிலேயே அழிக்கவும் பயன்பட்டது என்பது நம் நாட்டின் துயரம். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது அதனால்தான். கருவின் பாலினத்தைச் சொல்வது குற்றம் என்ற பலகையை எல்லா ஸ்கேன் நிலையங்களிலும் பார்த்திருப்பீர்கள்.

ஒரு சொல், பல நோய்கள்

இன்று ஸ்கேன் வசதி சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டது. 2010-இல் முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டது. ஆகவே செஞ்சிப் பெண்ணின் தேடல் முடிந்துவிட்டதா? அதுதான் இல்லை.

“நீர்க்கட்டி” என்ற ஒரே சொல்லால் நாம் மூன்று நான்கு வேறுபட்ட நிலைகளைக் குறிக்கிறோம். 1935-இல் சிகாகோ நகரத்து ஸ்டைன், லெவெந்தால் என்ற இருவர் விவரித்த நிலை ஒன்று. மாதவிலக்கு தள்ளித் தள்ளி வரும். முகத்தில் மயிர் வளரும். சினைப்பையில் சின்னஞ்சிறு குமிழிகள் பல தெரியும். இதைப் பாலிசிஸ்டிக் ஓவரி என்கிறார்கள். உண்மையில் அக்குமிழிகள் கட்டிகளே அல்ல. வளர்ச்சி பாதியில் நின்ற முட்டைப் பைகள். இது ஹார்மோன் கோளாறு. கடும் வலி இதன் முக்கிய அறிகுறி அல்ல. வயதுக்கு வந்த எட்டு ஆண்டுகளுக்குள் ஒரு பெண்ணின் சினைப்பையில் பல குமிழிகள் தெரிவது இயல்பாகவும் இருக்கலாம். ஆகவே அந்த வயதில் ஸ்கேனை வைத்து இந்நோயை முடிவு செய்யக் கூடாது என்று 2018-இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டுதல் கூறியது.

சாக்லேட் கட்டி இதற்கு முற்றிலும் வேறானது. அங்கே வலிதான் முதன்மை. மேலும், எண்டோமெட்ரியோசிஸ் கட்டியாகத் திரளாமல் மெல்லிய திட்டுகளாகப் படர்ந்திருந்தால் சாதாரண ஸ்கேனில் தெரியாமலே போகலாம். “ஸ்கேன் நல்லாத்தான் இருக்கு, ஒண்ணுமில்லை” என்று சொல்லிவிட்டால், வலிக்கிறது என்று சொன்ன பெண் பொய்க்காரி ஆகிவிடுகிறாள். கட்டி தெரியவில்லை என்பது வேறு. நோய் இல்லை என்பது வேறு. நம் நாட்டில் இடுப்புப் பகுதிக் காசநோயும், கருக்குழாய் அழற்சியும் இதே போன்ற வலியைத் தரக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

உலகில் பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு, எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. வலி தொடங்கியதிலிருந்து பெயர் தெரிவதற்கு 4 முதல் 12 ஆண்டுகள் ஆகின்றன என்பது பல நாடுகளின் அனுபவம். செஞ்சிக் கோட்டை முற்றுகைகூட எட்டு ஆண்டுகளில் முடிந்துவிட்டது!

முன்பெல்லாம் லேப்ராஸ்கோப்பி செய்து பார்த்தால்தான் இந்நோயை உறுதி செய்ய முடியும் என்றார்கள். 2022-இல் ஐரோப்பிய மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல் அதை மாற்றியது. நோயாளி சொல்லும் வரலாறு, நல்ல ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ. படம் ஆகியவற்றைக் கொண்டே சிகிச்சை தொடங்கலாம் என்றது. நோயாளியின் வாய்ச்சொல் மறுபடி முதலிடத்துக்கு வந்திருக்கிறது.

இதில் தவறினால் என்ன ஆகும்? பேட்டி செய்த பிழை வேறு வடிவில் திரும்பி வந்துவிடும். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்கள் பலருக்குத் தேவையின்றிக் கருப்பை அகற்றப்பட்டதாக வழக்குத் தொடரப்பட்டது. இதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. “கர்ப்பப்பையை எடுத்துட்டா வலி போயிடும்” என்பது நோயறிதல் ஆகாது.

நீங்கள் செய்யக்கூடியது

மாணவிகளே, உங்கள் வலியை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எந்தத் தேதியில் தொடங்கியது, மாதவிலக்குக்கு முன்னா பின்னா, எத்தனை நாள், பள்ளி செல்ல முடிந்ததா, சிறுநீர் மலம் கழிக்கையில் வலித்ததா என்று மூன்று மாதம் எழுதுங்கள். டாக்டருக்கு அது பெரும் உதவி. ஸ்கேனுக்கு முன் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வது ஏன் தெரியுமா? நிறைந்த சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கித் தள்ளி, ஒலி செல்ல நல்ல வழியாகிறது. மணமாகாத பெண்களுக்கு வயிற்றின் மேல் வைத்தே பார்ப்பார்கள்; அஞ்ச வேண்டியதில்லை.

டாக்டரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். கட்டி எந்த வகை? அளவு எத்தனை சென்டிமீட்டர்? தானே மறையக்கூடியதா, எப்போது மறுபடி பார்க்க வேண்டும்? என் வலிக்குக் காரணம் இதுதானா? சி.ஏ.125 என்ற இரத்தச் சோதனையின் அளவு கூடியிருந்தால் உடனே புற்றுநோய் என்று நடுங்க வேண்டாம். எண்டோமெட்ரியோசிஸிலும், மாதவிலக்கு நாள்களிலும்கூட அது கூடும்.

ஆனால் சிலவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. திடீரென்று ஒரு பக்கம் தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால், கட்டியோடு சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்துக்குள் அறுவை செய்தால் சினைப்பையைக் காப்பாற்றிவிடலாம். மாதவிலக்கு தள்ளிப்போன நிலையில் வலியும் மயக்கமும் வந்தால், கரு கருக்குழாயில் தங்கியிருக்கக்கூடும். அது உயிருக்கே ஆபத்து. காய்ச்சலோடு கூடிய வலியும் அவசரமே. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்கு வயிற்று உப்பசமும், கொஞ்சம் உண்டதும் வயிறு நிறைந்துவிடும் உணர்வும் வாரக்கணக்கில் நீடித்தால், வாயுத் தொல்லை என்று விட்டுவிடக் கூடாது.

பெற்றோர்களே, கோயிலுக்குப் போவது உங்கள் நம்பிக்கை. போய் வாருங்கள். திரும்பும் வழியில் மகளை மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்லுங்கள். கலியாணம் வலிக்கு மருந்தல்ல. பெண்கள் டாக்டரிடம் கன்னிப் பெண் போனால் ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சி நாம் இழந்த பள்ளி நாள்களும், பிள்ளைப்பேறும், சில உயிர்களும் போதும்.

திண்டிவனத்தில் அன்றிரவு மூன்று ஆண்கள் கதவைத் தட்டினார்கள். உதவி கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தும் அது அந்தப் பெண்களைச் சென்று சேரவில்லை. இன்று டாக்டர்கள் இருக்கிறார்கள், கருவி இருக்கிறது, நோய்க்குப் பெயரும் இருக்கிறது. வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் “வலிக்கிறது” என்று சொல்லும்போது, அதை நம்புவதுதான் நோயறிதலின் முதல் படி. அந்தப் படியில் கால் வைக்க டாக்டராக வேண்டியதில்லை.